அரக்கு, நாய், அட்டை

1870-இல் ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். பெயர் எமில் பெர்லினர். வாஷிங்டனில் துணிக்கடை வேலை. பிறகு நியூயார்க் போய் ஓர் ஆய்வகத்தில் குடுவை கழுவினான். இரவில் கூப்பர் இன்ஸ்டிட்யூட்டில் இலவசப் பாடம். பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் 1877-இல், தொலைபேசியில் பேசுகிறவரின் குரலைத் தெளிவாக்கும் ஒலிவாங்கி ஒன்றை வாடகை அறையில் உட்கார்ந்தே உருவாக்கிவிட்டான். அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தில் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். பெர்லினருக்கோ வேறொருவரின் கண்டுபிடிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வேறொருவர் தாமஸ் எடிசன். அதே 1877-இல்தான் அவருடைய போனோகிராஃப் பேசியது. சுழலும் உருளையின் மேல் ஊசி கீறக் கீறக் குரல் பதிந்தது, திரும்பவும் ஒலித்தது. உலகமே வாய் பிளந்தது. வியாபாரம் என்று வந்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. உருளையைப் பிரதி எடுக்க நல்ல வழி இல்லை. பாடகரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களை நிறுத்தி வைத்து, அவர் ஒருமுறை பாடினால் பத்துப் பன்னிரண்டு உருளைகள் கிடைக்கும். இன்னும் நூறு தேவையென்றால் தொண்டை கட்டும்வரை அதே பாட்டை மறுபடி மறுபடி பாட வேண்டும். உருளையையே தூக்கி எறிந்தால் என்ன என்று யோசித்தார் பெர்லினர்.

துத்தநாகத் தகடு ஒன்றை எடுத்துத் தேன்மெழுகைப் படலமாகப் பூசினார். அதன்மேல் ஊசியைச் சுருள் சுருளாக ஓடவிட்டார். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் அமிலம் தகட்டை அரித்து வரியாக்கியது. அதிலிருந்து உலோக அச்சு ஒன்றைச் செய்துகொண்டால் போதும், ஒரே பாட்டை ஆயிரம் முறை அழுத்தி எடுக்கலாம். பாடகர் ஒருமுறை பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கிராமபோன் என்று அவர் பெயரிட்ட கருவிக்கு 1887 நவம்பர் 8-ஆம் தேதி பேட்டன்ட் கிடைத்தது. அடுத்த ஆண்டு மே 16-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் அறிஞர்கள் முன் இயக்கிக் காட்டினார். அந்த உரையில், இனிமேல் பாடகர்கள் தங்கள் குரல் பதிந்த தகடுகள் விற்க விற்க அதிலிருந்து ராயல்டி பெறலாம் என்றும் சொன்னார். அப்போது தகடு விற்பனை என்ற ஒன்றே கிடையாது. இத்தனை பெரிய கனவோடு சந்தைக்குப் போனவருக்கு முதல் வாடிக்கையாளராகக் கிடைத்தது பொம்மைக் கம்பெனி.

ஜெர்மனியில் வால்டர்ஸ்ஹவுசன் என்ற ஊரில் பொம்மை செய்யும் கம்மர் அண்ட் ரெய்ன்ஹார்ட் கம்பெனி, கையால் சுற்றும் குட்டி கிராமபோனைத் தயாரித்தது. அதற்கான தட்டுகள் உள்ளங்கை அகலம்தான், சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒலி கரகரவென்று இருந்தது. பாடுவது குழந்தையா கிழவரா என்றே தெரியாது. அதனால் தட்டின் முதுகில் பாட்டின் வரிகளை அச்சடித்த காகிதத்தை ஒட்டி விற்றார்கள்! கேட்டுப் புரியாவிட்டால் படித்துக்கொள்ளலாம். தட்டோடு ஒரு காகிதத்தையும் சேர்த்து விற்கும் யோசனை அன்று குறையை மூட வந்தது. அதே யோசனை 120 ஆண்டுகளுக்குப் பிறகு கோடிகளைக் கொட்டப் போகிறது என்று அந்தப் பொம்மைக்காரர்கள் அறிய வாய்ப்பில்லை. அவர்களுடைய கிராமபோனும் சீக்கிரமே கடைகளிலிருந்து மறைந்தது.

ஜெர்மனி போயிருந்த பெர்லினர் வாஷிங்டன் திரும்பினார். 1894-இல் ஏழு அங்குலத் தட்டுகளைக் கெட்டி ரப்பரில் அழுத்தி விற்கத் தொடங்கினார். ரப்பரோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சில தட்டுகளில் அழுத்தம் சரியாக விழாமல் வரிகள் மழுங்கின. வேறு சில வளைந்தன. தீர்வு, சட்டைப் பொத்தான் செய்கிறவர்களிடம் கிடைத்தது. நியூ ஜெர்சியின் டுரனாய்டு கம்பெனி அரக்குக் கலவையில் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. அதே கலவையில் 1895-இல் தட்டை அழுத்திப் பார்த்தால் வரிகள் கூர்மையாக விழுந்தன. அந்த அரக்கு நம் ஊர்ச் சரக்கு. சோட்டா நாக்பூர் பக்கத்துப் புரச மரங்களிலும் இலந்தை மரங்களிலும் பூச்சிகள் சுரக்க, பழங்குடி மக்கள் சுரண்டிச் சேர்த்து, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகத்தின் பாட்டையெல்லாம் சுமந்தது இந்தியப் பூச்சி ஒன்றின் பிசின்தான். பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சுற்றும் கை நடுங்கினால் பாட்டும் நடுங்கியது.

இங்கே சின்னதாக ஒரு கிளைக்கதை. 1896 ஜூலையில், பெர்லினர் இருந்த அதே வாஷிங்டனில், கொரிய மாணவர்கள் மூவர் மானுடவியலாளர் ஆலிஸ் ஃபிளெட்சரின் இயந்திரத்தின் முன் நின்று பாடினார்கள். அவற்றில் 'அரிராங்' பாட்டும் ஒன்று. கொரியர்களின் குரல் பதிவாகிப் பிழைத்திருப்பவற்றில் மிகப் பழையவை இவைதான். ஆனால் பதிந்தது எடிசன் வழி உருளையில். பிரதியில்லாமல், விற்பனைக்கு வராமல், ஒற்றைச் சாட்சியாக அவை காப்பகத்துக்குள் போயின. கொரியப் பாட்டு உலகச் சந்தைக்கு வர வேண்டுமென்றால், அதே ஊரில் வேறொரு பட்டறையில் தத்தளித்துக்கொண்டிருந்த தட்டு முதலில் பிழைத்தாக வேண்டும்.

பிழைக்க வைத்தவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். கேம்டன் நகரில் சிறிய இயந்திரப் பட்டறை வைத்திருந்த அவர், சாவி கொடுத்தால் சீராக ஓடும் சுருள்வில் மோட்டார் ஒன்றைச் செய்து கொடுத்தார். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றது, குரல் குரலாகக் கேட்டது. விற்பனைப் பொறுப்பை நியூயார்க் விளம்பரக்காரர் ஃபிராங்க் சீமனிடம் பெர்லினர் மொத்தமாக ஒப்படைத்தார். கிராமபோன் அமோகமாக விற்றது. 1897-இல் வாஷிங்டன் பட்டறையில் தீப்பிடித்து அச்சுகள் அழிந்தன. அதிலிருந்துகூட மீண்டுவிட்டார். சீமனிடமிருந்து மீள்வதுதான் கடினமாக இருந்தது.

இயந்திரங்களை ஜான்சனிடம் வாங்குவதில் தனக்கு லாபம் போதவில்லை என்று சீமன் முறுக்கிக்கொண்டார். பெர்லினர் அசையவில்லை. சீமன் சும்மா இருக்கவில்லை. ஸோனோபோன் என்ற பெயரில் அச்சு அசலான போட்டி இயந்திரத்தை இறக்கினார். உருளைக் கம்பெனிக்காரர்களோடு கைகோத்து, கிராமபோனே அவர்களுடைய பேட்டன்டை மீறிய பொருள்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தான் வருடக்கணக்கில் விற்ற பொருளைத் திருட்டுப் பொருள் என்று விற்றவரே சொன்ன விசித்திரம் அது. போதாததற்கு, ஒப்பந்தப்படி சீமன் மூலமாகத்தான் விற்க முடியும் என்று 1900 ஜூனில் தடையாணை வந்தது. தட்டைக் கண்டுபிடித்த மனிதர் அமெரிக்காவில் ஒரு தட்டுகூட விற்க முடியாமல் நின்றார்.

ஆனால் எல்லைக்கு வடக்கே ஒரு கதவு திறந்திருந்தது. 1897-இலேயே கனடாவில் பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தார் பெர்லினர். அந்த நாட்டுச் சட்டப்படி, பேட்டன்ட் செல்ல வேண்டுமானால் பொருளை அங்கேயே தயாரிக்க வேண்டும். கட்டாயமாக வந்த அந்த விதி இப்போது வரமாகிவிட்டது. மொன்றியலில் செயின்ட் கேத்தரின் தெருவில் கடை, அக்வடக்ட் தெருவில் தட்டு அழுத்தும் பட்டறை. 'ஈ. பெர்லினர், மொன்றியல்' என்று பொறித்த ஏழு அங்குலத் தட்டுகள் வெளிவரத் தொடங்கின. அக்வடக்ட் தெருவுக்கு இன்று லூசியன் லாலியே தெரு என்று பெயர். அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், பெரிய பெரிய இசை நிகழ்ச்சிகளும் ஐஸ் ஹாக்கியும் நடக்கும் பெல் சென்டர் வந்துவிடும். பெர்லினரின் முதல் கண்டுபிடிப்பை வாங்கிய அதே பெல்லின் பெயர். விளம்பரத்துக்கு ஒரு முகம் மட்டும் பாக்கியிருந்தது. அது நாயின் முகமாக வந்தது.

லண்டனில் ஃபிரான்சிஸ் பரோ என்ற ஓவியர், நிப்பர் என்ற நாய் போனோகிராஃப் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்பதுபோல வரைந்திருந்தார். வாங்க ஆளில்லை. பளபளக்கும் பித்தளைக் குழாய் ஒன்றைப் பார்த்து வரையலாமே என்று, பெர்லினரின் கூட்டாளிகள் நடத்திய லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் போனார். எடிசன் இயந்திரத்தை அழித்துவிட்டு எங்கள் இயந்திரத்தை வரைந்தால் படத்தையே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். படம் கைமாறியது. அதன் அருமை பெர்லினரின் கண்ணிலும் பட்டது. 1900-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். மொன்றியல் தட்டுகளின் முதுகில் நாய் உட்கார்ந்தது. பிற்பாடு தமிழ்நாட்டு வீடுகளில் 'நாய் மார்க் பிளேட்டு' என்று கொண்டாடப்பட்டது இதே நாய்தான். தட்டு இந்தியாவுக்கு வந்த வழியிலும் பெர்லினரின் ஆள் ஒருவர் நின்றார்.

ஃபிரெட் கெய்ஸ்பெர்க், வாஷிங்டனில் பெர்லினரின் பாடகர்களுக்குப் பியானோ வாசித்த இளைஞர். 1902-இல் பதிவுக் கருவிகளோடு கல்கத்தாவில் இறங்கி, கௌஹர் ஜானைப் பாட வைத்தார். அச்சுகள் ஹானோவருக்குப் போயின. ஏனென்றால் 1898-இல் எமிலும் அண்ணன் தம்பிமாரும் தங்கள் பிறந்த ஊரிலேயே ஒரு தொழிற்சாலை திறந்திருந்தார்கள். டாய்ச் கிராமபோன் என்று பெயர். இந்தியாவிலிருந்து போன அரக்கு, கௌஹர் ஜானின் குரலைத் தாங்கிக்கொண்டு இந்தியாவுக்கே திரும்பி வந்தது. ஹானோவர் தொழிற்சாலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. கதை ஒருநாள் மறுபடியும் அந்த ஊருக்குத்தான் போகப் போகிறது.

மொன்றியலில் வியாபாரம் தழைத்தது. 1908-இல் சாந்-ஹென்றி வட்டாரத்தில் லெனுவா தெரு முனையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. மகன்கள் ஹெர்பர்ட்டும் எட்கரும் பொறுப்பேற்றார்கள். குடும்பத் தொழிலில் வழக்கமாக வருவது இங்கும் வந்தது. ஹெர்பர்ட் 1918-இல் லஷீனில் கொம்போ என்ற தனிக் கம்பெனி தொடங்கி, பிறகு அப்பா கம்பெனியை விட்டே வெளியேறிப் போட்டியாளரானார். 1924-இல் அப்பா கம்பெனியை வேறொருவர் வாங்கினார். வாங்கிய விக்டர் கம்பெனி, அந்தச் சுருள்வில் மோட்டார் ஜான்சன் பெர்லினரின் அமெரிக்க உரிமைகளை வைத்துக் கட்டிய ராஜ்யம்! 1929-இல் பெர்லினர் வாஷிங்டனில் இறந்தார். லெனுவா தெருக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதற்குள் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரக்குத் தட்டு மட்டும் அவருக்குப் பிறகு நெடுநாள் நிற்கவில்லை.

1948-இல் வினைல் வந்தது, அரக்கு ஓய்ந்தது. கேசட் வந்தது, வினைல் திணறியது. தட்டின் கதை முடிந்தது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தபோது, 1982 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஜெர்மனியின் லாங்கன்ஹாகனில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பளபளக்கும் புதுத் தட்டு வெளியே வந்தது. ஊசி இல்லை, லேசர் ஒளி படித்தது. உள்ளே 'ஆபா' (ABBA) குழுவின் பாட்டு. அகலம் 12 சென்டிமீட்டர், பெர்லினரின் பொம்மைத் தட்டுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. லாங்கன்ஹாகன் இருப்பது ஹானோவரின் விளிம்பில். அந்தத் தொழிற்சாலையும் பெர்லினர் சகோதரர்கள் திறந்த அதே கம்பெனியின் வழித்தோன்றல். சிடி பிறந்தது தாத்தாவின் ஊரில், தாத்தாவின் வீட்டிலேயே! அது வாலிபமானதோ வேறொரு கண்டத்தில்.

1992-இல் கொரியாவின் சியோலில் 'சோ தைஜி அண்ட் பாய்ஸ்' தொலைக்காட்சியில் ராப் பாடி ஆடியபோது நடுவர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பிள்ளைகளோ பைத்தியமானார்கள். அதைக் கவனித்துக்கொண்டிருந்த முன்னாள் பாடகர் லீ சூ-மன், பாடவும் ஆடவும் பயிற்சி கொடுத்து ஐந்து பையன்களைத் தயார் செய்து, 1996-இல் எச்.ஓ.டி. என்ற பெயரில் மேடையேற்றினார். அரங்கம் முழுக்க வெள்ளை பலூன்கள். ஆல்பங்கள் லட்சக்கணக்கில் பறந்தன. இந்தச் சூத்திரத்தை மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. 2000-இல் சொரிபாதா என்ற கோப்புப் பகிர்வுத் தளம் திறந்தது. அதிவேக இணையத்தில் முன்னோடியான அந்த நாட்டில், பாட்டுக்குக் காசு கொடுக்கும் பழக்கமே சில ஆண்டுகளில் மறையத் தொடங்கியது. 2001-க்குப் பிறகு பல ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் விற்ற கொரிய ஆல்பம் ஒன்றுகூட வரவில்லை.

உள்ளேயும் விரிசல். 2009-இல் டோங் பாங் ஷின் கி என்ற உச்ச நட்சத்திரக் குழுவின் மூன்று பேர், 13 ஆண்டு ஒப்பந்தம் அநியாயம், வருமானத்தில் உரிய பங்கு வரவில்லை என்று தங்கள் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டார்கள். தட்டு விற்றால் பாடகருக்குப் பங்கு என்று 1888-இல் பெர்லினர் சொன்னது, எளிதில் நடக்கிற காரியமாக எப்போதும் இருந்ததில்லை. பாட்டை இலவசமாகக் கேட்கிறார்கள், பாடகர்கள் நீதிமன்றம் போகிறார்கள், சிடியோ தூசி படிகிறது. அந்த நேரத்தில்தான் யாருக்கோ ஓர் அட்டை தோன்றியது.

2010 ஜனவரியில் கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற பெண்கள் குழுவின் 'ஓ!' ஆல்பம் வந்தது. உறைக்குள் சிடியோடு, உறுப்பினர்கள் ஒன்பது பேரில் யாரோ ஒருவரின் படம் அச்சிட்ட சிறு அட்டை. யார் படம் என்பது பிரித்தால்தான் தெரியும். பபுள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படம் தேடிய நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். பிடித்தவரின் முகம் வரும்வரை வாங்கு, வராவிட்டால் மாற்றிக்கொள். இதைப் பையன்கள் குழுக்கள் பிடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதுதான் கணக்கை மாற்றியது.

ஒரே ஆல்பம் மூன்று நான்கு வெர்ஷன்களில் வந்தது. ஒவ்வொன்றிலும் வேறு படத்தொகுப்பு, வேறு அட்டைகள். உறுப்பினர்கள் பதின்மூன்று பேர் என்றால் 'பயஸ்', அதாவது தனக்குப் பிடித்தவர், கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கு வாத்தியார்தான் சொல்ல வேண்டும். வாங்கும் ஒவ்வொரு பிரதியும், நட்சத்திரத்தை நேரில் பார்க்கும் கையெழுத்து நிகழ்ச்சிக்கான குலுக்கலில் ஒரு சீட்டு. 2013-இல் எக்ஸோவின் 'எக்ஸ்ஓஎக்ஸ்ஓ' பத்து லட்சத்தைத் தாண்டிப் பன்னிரண்டு ஆண்டு வறட்சியை உடைத்தது. 2020-இல் பிடிஎஸ்ஸின் 'மேப் ஆஃப் த சோல்: 7' நாற்பது லட்சத்தைக் கடந்தது. 2023-இல் செவன்டீனின் 'எஃப்எம்எல்' அறுபது லட்சத்துக்கு மேல் போய், உலகத்திலேயே அந்த ஆண்டு அதிகம் விற்ற ஆல்பமானது. மொன்றியலானாலும் சென்னையானாலும், தபால் செலவைப் பங்கிட ரசிகர்கள் 'குரூப் ஆர்டர்' போட்டுச் சியோலிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். அவர்களில் பலரிடம் சிடி பிளேயர் கிடையாது. பாட்டு போனில் ஓடுகிறது.

எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் பெர்லினர் தீயிலும் வழக்கிலும் மாட்டினார். எந்தப் பிரதியும் இன்னொன்றைப் போல இருக்கக் கூடாது என்று கொரியர்கள் விற்றார்கள். என் கணிப்பில் இது பித்தலாட்டத்துக்கும் மேதைமைக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. ரசிகர்களில் சிலருக்கே அது பித்தலாட்டமாகத்தான் பட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகும் காட்சிகள் பரவின. செத்த பூமியில் கே-பாப் இல்லை என்ற முழக்கத்தோடு 2021-இல் கே-பாப் ஃபார் பிளானட் என்ற ரசிகர் இயக்கமே கிளம்பியது. கம்பெனிகள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

2022 ஜூலையில் பிடிஎஸ்ஸின் ஜே-ஹோப் தன் தனி ஆல்பம் 'ஜாக் இன் த பாக்ஸ்' வெளியிட்டார். பெட்டிக்குள் அட்டைகள் இருந்தன. கைபேசியில் பாட்டைத் திறக்க ஒரு குறியீடும் இருந்தது. சிடி மட்டும் இல்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் பொம்மைத் தட்டுக்குத் துணையாக வந்த காகிதம், கடைசியில் தட்டையே வெளியே தள்ளிவிட்டது. தட்டின் கதை இந்தத் தடவை நிஜமாகவே முடிந்துவிட்டது என்று தோன்றியது.

ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே ஆல்பம் 'ஹோப் எடிஷன்' என்ற பெயரில் மறுபடியும் கடைக்கு வந்தது. புதுப் படங்கள், புது அட்டைகள், மேடைப் பதிவுகள் சில. கூடவே, ஒரு சிடி.